மூன்று குச்சி மார்க்

புளியன்மலை வளைவில் பாறை விழுந்து கிடந்தது.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்தே முக்கால்.
சிப்போரா ஜீப்பை விட்டு இறங்கினாள்.
"நாளை ராத்திரி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
வண்டி ஏற மாட்டேன்."

அம்மாவிடம் கேட்டுப் படித்த மலையாளம்,
ஐம்பத்தைந்தில் கப்பலேறியது.
செல்போனுக்கு அதில் சொல் இல்லை.
சக்கரம் என்றால் இன்னும் காசு.

பறவூர் பார்த்தாயிற்று, சேந்தமங்கலம், மாளை பார்த்தாயிற்று.
"தாத்தா தொழுத இடத்துக்குள் நுழைய
டிக்கெட் வாங்கினேன்" என்று சிரித்தாள்.
மிச்சம் இருந்தது ஒரு கல்.
ஏலக்காய் வாங்க மலையேறி
காய்ச்சலில் போன பெரிய தாத்தா ஷலோமோவின் கல்.
எஸ்டேட்டில் யூதக்கல் என்று ஒன்று உண்டென்று
கடிதம் போட்டவன் நான்தான்,
ஏலக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம்
பேரேடு எழுதுகிறவன்.

எதிரே ஔசேப்பின் கடை.
பலகையில் சாக்பீஸ்: பொறோட்டா, பீஃப், கப்பை, மீன்கறி.
பலகையை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டாள்:
"மீனுக்குச் செதிள் உண்டா?"
அவர் வாளியோடு தூக்கிக் காட்டினார்.
மத்தி. உண்டு.
"பாத்திரம்?"
அவர் பீஃப் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
பக்கத்துக் கடையை எழுப்பி
மண்சட்டி ஒன்று புதுசாய் வாங்கி வந்தார்.
கப்பை, காந்தாரி மிளகாய், நாலு முட்டை, மத்தி,
இருட்டுவதற்குள் கொதித்துச்
சாம்பலுக்குள் இறங்கியது சட்டி,
மறுநாள் மத்தியானம்வரை.
மாதாவுக்கு நேர்ந்திருந்த மெழுகுவர்த்தியில்
இரண்டை எடுத்துக் கொடுத்தார்.
மாதாவிடம் அவர் பேசிக்கொள்வாராம்.

சனிக்கிழமை என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை.
முட்டை தேயிலைச் சாறு மாதிரி பழுத்திருந்தது.
உரிக்க உரிக்கத் தின்றேன்.
பாறையை உடைத்து வழிவிட்டார்கள்,
பஸ்கள் போயின, அவள் கையாட்டினாள்.

சாயங்காலம்தான் சிக்கல்.
ஆடி மாசத்தில் இந்த மலையில் நட்சத்திரம் கேட்கிறாள்!
ஆள் நீட்டிய கை தெரியாத மூடுபனி.
ஏழரைக்கு ஔசேப்பு போனை எடுத்தார்.
மலைக்குக் கீழே, தமிழ்நாட்டில், கம்பத்தில்
மருமகன் திராட்சை லாரி ஓட்டுகிறவன்.
"டேய் பீலிப்போஸே, மேலே பாரு, எண்ணு."
மூன்று இல்லை, முப்பது என்றான்.
சிப்போரா தலையசைத்தாள்:
"சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்."
போன் கிளீனர் பையன் கைக்குப் போனது.
அவன் பதினொன்று வரைக்கும் எண்ணினான்.
போதும் என்றாள்.

டார்ச்சோடு ஏறினோம். அட்டை கடித்தது.
ஏலச்செடிகளுக்கு நடுவே இடுப்பளவு கல்,
மேலே யாரோ காயப்போட்ட கோணிச்சாக்கு.
பாசியை நகத்தால் சுரண்டினாள்,
வெகுநேரம் சுரண்டினாள்.
பேர் இல்லை, வருஷம் இல்லை.
ஒரே ஓர் எழுத்து:
அடியில் ஒரு வளைவு, அதிலிருந்து மூன்று குச்சி.

"ஷின்" என்றாள்.
"ஷலோமோவாக இருக்கலாம். ஷமுவேலாக இருக்கலாம்.
எல்லைக்கல்லில் எவனோ கொத்திய சூலமாகவும் இருக்கலாம்."
ஒரு கூழாங்கல்லை வைத்தாள்.
கோணிச்சாக்கை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

நான் வாய் திறக்கவில்லை.
அந்த எஸ்டேட் மூட்டை ஒவ்வொன்றிலும்
தாரில் குத்தியிருக்கும் மார்க் அது.
மூன்று குச்சி என்று
எத்தனை ஆயிரம் தரம் எழுதியிருப்பேன்.
இறங்கும்போது சொன்னேன்.
நின்றாள். டார்ச்சை அணைத்தாள்.
"கிலோ என்ன விலை போகிறது?" என்றாள் கொஞ்சம் கழித்து.

திங்கட்கிழமை, லாட் நூற்றுப்பன்னிரண்டு.
பேரேட்டில் வளைவு போட்டு,
குச்சி ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் கொண்டை வைத்து,
அவள் மண்ணில் வரைந்து காட்டிய மாதிரியே எழுதினேன்.
மேனேஜர் குனிந்து பார்த்தார்.
"என்னய்யா இது, மார்க் தப்பு" என்று
சிவப்பு மசியில் அடித்துவிட்டு
நேராய் மூன்று கோடு கிழித்தார்.